சூளைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பேசும் பெட்டி

ரேடியோ கடையில் வேலை பார்க்கிறவனுக்கு இரண்டு வகை ஷாக் உண்டு: பெட்டிக்குப் பின்பக்கம் கையை விட்டால் ஒன்று, பெட்டிக்கு முன்பக்கம் நிற்கிறவர் வாயைத் திறந்தால் இன்னொன்று.

முதல் வகைக்கு ரப்பர் செருப்பு போதும். இரண்டாவது வகைக்கு விருத்தாசலத்தில் இன்னும் மருந்து வரவில்லை. ஜவுளிக்கடை, மருந்துக்கடை, சைக்கிள் கடை என்று எங்கேயோ மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் நிற்கிறவர் சொல்வதற்கெல்லாம் சிரித்த முகம் காட்டிப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும்.

நான் ரவி. வயது பதினேழு. ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் வருகிற ரோட்டில் என் தாய்மாமன் ராஜவேலு ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஈயம் வைப்பது, வால்வு மாற்றுவது, பேட்டரி சார்ஜ் போடுவது எல்லாம் நான். இதைத் தவிர எனக்கு ஒரு உபரித் தொழில் இருக்கிறது. யார் குரலைக் கேட்டாலும் பொழுது சாய்வதற்குள் அது என் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்டேஷனில் ரயில் வரவு சொல்கிற ஐயா, பஸ் ஸ்டாண்டில் "நல்லூர், மங்களூர்" என்று கூவுகிற கண்டக்டர், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார், என் மாமா எல்லாரும் உள்ளே குடியிருக்கிறார்கள். ஒருத்தரும் வாடகை தருவதில்லை.

போன வருஷம் முழுக்க எங்கள் கடையை ஆட்டி வைத்தது ஒரே ஒரு வியாபாரம். பீங்கான் சூளை முதலாளி சிங்காரம், தன் வீட்டுக்கு ஒரு பேசும் ரேடியோ தேர்ந்தெடுத்த வியாபாரம். நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் எங்கள் கடை ஸ்டூலில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

பாதி ரேடியோ

சிங்காரம் முதலாளிக்கு இழுப்பு நோய். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நெஞ்சுக்குள்ளிருந்து சின்னதாக ஒரு விசில் வரும். அவர் கடைக்குள் நுழைந்து "தம்பி, மாமா இல்லியா?" என்று கேட்ட நிமிஷமே அந்த விசிலை நான் பிடித்துக்கொண்டேன். ஊருக்கு வெளியே பீங்கான் பேட்டையில் அவருடைய சூளை. ஊறுகாய் ஜாடி சுடுகிறார்கள். கரிப்புகை ஆகாது, சூளைப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், கற்பூரம் காட்டி நெருப்பை மூட்டிவிட்டு, மூக்கில் துண்டோடு வீட்டுக்கு ஓடி வந்துவிடுவார்.

வம்பு அங்கேதான். சூளைச் சுவரில் ஒரு துளை. அதன் வழியாகப் பார்த்தால் தெரிகிற மாதிரி உள்ளே விரல் உயரத்தில் ஒரு களிமண் கூம்பு நிற்கும். கோன் என்பார்கள். சூடு பதத்துக்கு வந்ததும் கோன் தலையைச் சாய்க்கும். உடனே கரி போடுவதை நிறுத்தியாக வேண்டும். விட்டால் உள்ளே ஜாடியெல்லாம் உப்பிக் கோணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆனால், மூட்டியவர் யாரோ அவர் வாயால்தான் 'நிறுத்து' என்ற வார்த்தை வர வேண்டும். வேறு வாய் சொன்னால் சூளைக்கு ஆகாது. இது அங்கே வழக்கம். சூளைக்காரர் அய்யாக்கண்ணு இதில் ஒரு மயிரிழை விட்டுக் கொடுக்க மாட்டார். அதனால் கோன் சாய்ந்ததும் ஒரு ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலாளி வீட்டுக்குப் பறப்பான். வழியில் ரயில்வே கேட். நம் ஊர் கேட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டாம். கூட்ஸ் வண்டி முன்னால் போகும், யோசிக்கும், பின்னால் வரும்.

இப்படியே அடுத்தடுத்து இரண்டு சூளை பாழ். மூன்றாவதும் பாழானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று மெட்ராஸ் வியாபாரி சொல்லிவிட்டார். அப்புறம் சூளையை மூட வேண்டியதுதான். அதை நம்பி இருக்கிற அத்தனை பேரும் கொல்லைக்காட்டில் களை பறிக்கத் திரும்ப வேண்டியதுதான். போனுக்கு எழுதிப் போட்டது வருஷக் கணக்காக வரவில்லை. "வூட்டுல ஒரு பெட்டி, சூளையில ஒரு பெட்டி. நான் இங்கேருந்தே நிறுத்துன்னு சொல்லணும்" என்றார். மாமா பொறுமையாக, நாம் விற்பது கேட்கிற ரேடியோ, பேசுகிற ரேடியோ வேறு, அது கடையில் கிடைக்காது, தேடித்தான் பிடிக்க வேண்டும் என்று விளக்கினார். முதலாளி எங்கள் அலமாரியைப் பார்த்தார். அதில் வரிசையாக இருந்த பளபள பெட்டிகளைப் பார்த்தார். ஏமாந்து போனவர் மாதிரி மாமா முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"டெல்லியில பேசுறது எனக்குக் கேக்குது. நான் பேசுனா இந்தா இருக்குற பேட்டைக்குக் கேக்காதா? அப்ப இத்தன வருஷமா நீங்க ஊருக்கே பாதி ரேடியோதான் வித்துக்கிட்டு இருந்தீங்களா?"

கம்பியும் கொடியும்

முதலில் வந்தது, ராணுவத்தில் கழித்துப் போட்ட செட்டு. மாமா மெட்ராஸ் போய்ப் பழைய சாமான் கடைகளில் அலைந்து கொண்டுவந்தார். பச்சைப் பெயிண்ட், இரும்புப் பெட்டி. பெட்டியை ஒரு ஆள் தூக்கலாம். அதற்கான பேட்டரியை இரண்டு ஆள் தூக்க வேண்டும். ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி முதலாளி வீட்டுக் கூடத்தில் இறக்கினோம். மாமா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இதன் சக்தி என்ன, எவ்வளவு தூரம் போகும், மொட்டை மாடியில் எவ்வளவு உயரத்துக்குக் கம்பம் நட வேண்டும் என்று சொற்பொழிவே நடத்தினார்.

முதலாளியின் மனைவி அலமேலு அம்மா தூணில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகா, இந்த அம்மாவுக்கு விஷயம் புரிகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன். மாமாவும் உற்சாகமாகி, "ஏதாவது கேக்கணும்னா கேளுங்கம்மா" என்றார். அம்மா மாடியை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"அந்த ஏரியல் கம்பியில துணி காயப் போடலாமா, கூடாதா? அத மொதல்ல சொல்லுங்க. மத்ததெல்லாம் அப்பறம்."

வைத்தியப் பெட்டி

அதே செட்டு. பேட்டரி இறங்கிவிட்டதால் மாமா கரண்டில் ஓட்டுவதற்கு ஏதோ ஏற்பாடு செய்து, மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, "யாரும் கிட்ட வராதீங்க" என்றார். எங்கள் ஊரில் கிட்டே வராதே என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். முதலாளி குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். மனிதர் இரண்டடி பின்னால் போய் நெல் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். மாமா மெயினை அணைத்தார். அலமேலு அம்மா அலறினார். நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். திரும்பி வந்தால் முதலாளி நெஞ்சைத் தடவிக்கொண்டே, "என்னாய்யா இது, விசில காணும்?" என்கிறார். நிஜம். இழுப்பு நின்றிருந்தது.

சாயங்காலமே விசில் திரும்ப வந்துவிட்டது. ஆனால் அது நின்ற செய்தி மட்டும்தான் ஊருக்குள் போனது. மறுநாள் கடை திறக்கும்போது வாசலில் ஒரு அம்மா, பக்கத்தில் வயதான அவர் மாமியார். மாமியாருக்கும் இழுப்பாம். இது வைத்தியம் இல்லை, ஆளையே கொன்றுவிடும், அந்தப் பெட்டியை மூடித் திருகாணி போட்டாச்சு என்று மாமா கும்பிடாத குறையாகச் சொன்னார். அந்த அம்மாவின் முகம் சட்டென்று பிரகாசமானது. மாமியாருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதை நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

"ஆளையே கொன்னுடுமாங்க? அப்ப திருகாணிய எப்பங்க கழட்டுவீங்க?"

தனிப் பேச்சு

அந்த ஷாக்கோடு பச்சைப் பெட்டி கழிந்தது. இரண்டாவதாக, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒருத்தர் ஒரு ஜோடி வாக்கி டாக்கி கொண்டுவந்து காட்டினார். சோப்புப் பெட்டி அளவு; கையிலேயே பிடித்துப் பேசலாம். முதலாளிக்கு ஆசை தாங்கவில்லை. எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துவிடலாம் என்றார் மாமா. ஒன்றை நான் வைத்துக்கொண்டு கடை வாசலில் நிற்பது. இன்னொன்றை வாயருகே பிடித்து, விடாமல் பேசிக்கொண்டே முதலாளி கோயில் பக்கம் நடப்பது. எங்கே குரல் அறுந்துபோகிறதோ அதுதான் எல்லை.

கோபுரம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே குரல் அறுந்துவிட்டது. எனக்கு அறுந்தது, அவருக்கு அது தெரியவில்லையே. அவர் பாட்டுக்கு, "கேக்குதா? பூக்கட தாண்டிட்டேன், கேக்குதா? பதில் சொல்லு, கேக்குதா?" என்று கத்திக்கொண்டே நான்கு வீதியும் சுற்றியிருக்கிறார். பூக்காரர்கள் எழுந்து வழிவிட்டார்களாம். ஒருத்தர் விபூதி பூசிவிட்டாராம். நான் சைக்கிளில் தேடிக்கொண்டு போனபோது டீக்கடைக்காரர் என் ஹேண்டில் பாரைப் பிடித்து நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டு சூளை போனதுல மொதலாளிக்கு மனசு வுட்டுப்போச்சுடா தம்பி. சோப்புப் பெட்டிகிட்ட கேக்குதா கேக்குதான்னு கெஞ்சுறாரு. நல்ல மனுசன்டா, கையப் புடிச்சி வூட்டுல கொண்டுபோய் வுடு."

சாம்பிராணி

மூன்றாவதாக ஒரு ஜோடி கடலூர் முதுநகரிலிருந்து வந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகுகளில் வைத்திருந்து கழித்தவை. கார் பேட்டரியில் ஓடும். மாமா அதற்காக இரண்டு வாரம் உப்புக்காற்றில் அலைந்தார். வாங்கிய பிறகு இரவு பகலாக உட்கார்ந்து, மற்ற இரண்டையும் இதையும் ஒப்பிட்டு, எது தெளிவாகப் பேசும், எதற்கு உதிரி சாமான் கிடைக்கும், எது சூளைச் சூட்டைத் தாங்கும் என்றெல்லாம் கணக்குப் போட்டு, இதுதான் சரி என்ற முடிவுக்கு வந்தார். ஒரே குறை, பெட்டியைத் திறந்தால் மீன் வாடை. அலமேலு அம்மா வீட்டில் மீன் என்ற சொல்லே நுழைந்ததில்லை. மாமா ஒரு வாரம் வெயிலில் காய வைத்தார், எலுமிச்சம்பழம் தேய்த்தார், பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கொண்டுபோனோம்.

அம்மா பெட்டியை மோந்து பார்த்தார். முகத்தைச் சுளித்தார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு போய், தையல் மிஷினுக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் சொருகினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. மாமா, இதனுடைய தெளிவு என்ன, உழைப்பு என்ன என்று ஆரம்பித்தார். அம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஒரு நொடியில் வியாபாரம் முடிந்தது. மாமாவின் அத்தனை கணக்கும் அந்த இடைவெளியில் விழுந்து செத்தது.

"மூணு பொட்டியில இதான் அந்த எடத்துல கச்சிதமா ஒக்காருது. நாத்தம் ரெண்டு நாளு சாம்பிராணி போட்டாப் போயிடும். அந்தப் பச்சப் பொட்டிக்கு சாம்பிராணி போட்டா எளச்சா போவும்?"

சந்தேகம்

கேட்கிற ரேடியோவுக்கே தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். பேசுகிற ரேடியோவுக்கு டெல்லி வரைக்கும் எழுதிப் போட வேண்டும். எழுதிப் போட்டோம். அங்கிருந்து கேள்வி வந்தது, இங்கிருந்து பதில் போனது, பதிலுக்குக் கேள்வி வந்தது. கடைசியில் விசாரித்து எழுதச் சொல்லி உள்ளூர் போலீஸுக்கு வந்து, ஒரு ஏட்டையா முதலாளி வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி அரிசி டிரம் மேல் வைத்துவிட்டு, தையல் மிஷின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பெட்டியை முறைத்தார்.

"இதுல எதிரி நாட்டோட பேசலாமா?" என்றார். ஐயையோ, பேட்டையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே அதிசயம் என்றார் மாமா. "அவங்க பேசுறதையாவது கேக்கலாமா?" முடியாது. "சரி, சிலோன் பாட்டு?" அதுவும் வராது. ஒவ்வொரு பதிலுக்கும் ஏட்டையாவின் முகம் தொங்கிக்கொண்டே போனது. எதுவும் வராத பெட்டி என்றால் ஆபத்தில்லாத பெட்டி என்று எழுதிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் டீயைக் குடித்து முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு, முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்துச் சொன்னார்:

"எதிரி நாடும் கேக்காது, சினிமாப் பாட்டும் கேக்காது. இப்பிடி ஒண்ணுக்கும் ஒதவாத பொட்டிக்கு ஒருத்தன் இவ்வளவு அலையுறான்னா, அங்கதாங்க எனக்கு சந்தேகமே வருது."

ஓவருங்க

எப்படியோ லைசென்ஸ் வந்தது. பழக்கிவிடுகிற பொறுப்பு என்னுடையது. பாடம் ரொம்பச் சின்னது. மைக்கில் ஒரு பொத்தான். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம், பேசி முடித்ததும் 'ஓவர்' என்று சொல்ல வேண்டும். முதலாளி பொத்தானை அழுத்தினால் விடமாட்டார். சூளையில் அய்யாக்கண்ணு அண்ணனோ பொத்தானை அழுத்தவே மாட்டார். பெட்டியிலிருந்து முதலாளி குரல் வந்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைகட்டி நின்றுவிடுவார். 'ஓவர்' என்று மொட்டையாகச் சொல்வது மரியாதை இல்லையென்று 'ஓவருங்க' என்று மாற்றிக்கொண்டார். முதலாளி ஏதாவது நல்லது சொன்னால் பெட்டியைப் பார்த்துக் கும்பிடுவார்.

முதல் நாள் ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் முதலாளி "பதில் சொல்லுய்யா" என்று விசிலோடு கத்துகிறார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. செட்டு செத்துவிட்டது என்று நானும் மாமாவும் அடித்துப் பிடித்துக்கொண்டு பேட்டைக்கு ஓடினால், அண்ணன் பெட்டி முன்னால் கைகட்டி, வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். பொத்தானை அழுத்திப் பேசுங்கள் அண்ணே என்று மாமா கிட்டத்தட்ட அழுதார். அவர் எங்களைக் கண்டிக்கிற மாதிரி பார்த்தார்.

"மொதலாளி பேசிக்கிட்டு இருக்கும்போது அவரு வாய அமுத்தச் சொல்றீங்களே, அந்தப் பொத்தான்ல நான் எப்பிடிங்க கை வெப்பேன்?"

வடை

முதலாளி 'ஓவர்' சொன்னால் அது உத்தரவு என்று சொல்லி, அண்ணனை ஒருவழியாகப் பொத்தானில் கை வைக்கச் செய்தோம். பழக்கம் வருவதற்காக தினமும் காலையில் ஒரு தடவை பேசிப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. முதலாளி குளிக்கப் போயிருக்கிற நேரத்தில் மைக் என் கையில் இருக்கும். சகோதரர்களே, நீங்களே சொல்லுங்கள், பேசுகிறவன் முகம் தெரியாத ஒரு பெட்டியையும் என்னையும் ஒரே அறையில் விட்டுவிட்டுப் போவது யார் தப்பு? நெஞ்சில் விசிலை ஏற்றிக்கொண்டு, "அய்யாக்கண்ணு... எல்லாருக்கும் டீயும்... மசால் வடையும் வாங்கிக் குடுய்யா... என் கணக்கு. ஓவர்" என்றேன். அந்தப் பக்கம் "ஆவட்டுங்க! ஓவருங்க!" என்று குரல் உடைந்தது. சூளையில் ஒரே திருவிழா. மறுநாள் வடையோடு கெட்டிச் சட்னியும் சேர்த்தேன். நாலாம் நாள் பேட்டையில் பக்கத்துச் சூளை ஆட்கள் எல்லாம் எங்கள் முதலாளியைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் அய்யாக்கண்ணு அண்ணன் கடைக்கே வந்து என் காதைப் பிடித்தார். எனக்கு வலியைவிட ஆச்சரியம்தான் அதிகம். விசில் பிசகியதா, மூச்சு பிசகியதா? என் வித்தையில் எங்கே ஓட்டை? வலியோடே கேட்டேன். காதை விடாமல் பதில் சொன்னார்:

"கொரலெல்லாம் அச்சா மொதலாளியேதான்டா. ஆனா பதினஞ்சு வருஷமா அந்த மனுசன்கிட்ட வேல செய்யுறேன், வடைங்கிற வார்த்த அவரு வாயில வந்து நான் கேட்டதில்ல. இனிமே அந்தப் பொட்டியில எவன் பேசுனாலும் நான் நம்பப் போறதில்ல, போ."

கோன் சாய்ந்த மதியம்

அதுவரைக்கும் மூட்டாமல் வைத்திருந்த மூன்றாவது சூளையை முதலாளி மூட்டினார். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரம். முதலாளி வீட்டில் பெட்டிக்கு முன்னால் முதலாளியும் நானும். பேட்டரியைப் பார்த்துக்கொள்ள மாமா என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். பெட்டி கரகரத்தது. "மொதலாளி, கோனு சாஞ்சிடுச்சுங்க. ஓவருங்க." முதலாளிக்குப் பரபரப்பில் விசில் இரண்டு மடங்காகிவிட்டது. பொத்தானை அழுத்தி, "நிறுத்து அய்யாக்கண்ணு, நிறுத்து!" என்றார். நான் அவர் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "டேய் ரவி, வெளையாடுற நேரமாடா இது? விசில கொஞ்சம் கூட்டிட்ட. மைக்க மொதலாளிகிட்ட குடு. ஓவர்." எனக்கென்றதும் 'ங்க' போய்விட்டது.

முதலாளி, "யோவ், நான்தான்யா சிங்காரம் பேசுறேன்!" என்றார். "ஆமா, அன்னிக்கு வட வாங்கிக் குடுத்ததும் சிங்காரந்தான்." நான் மைக்கைப் பிடுங்கி, "அண்ணே, அம்மா சத்தியமா இது மொதலாளிதாண்ணே. நான் ரவி பேசுறேன், கரி போடாதீங்கண்ணே!" என்று என் சொந்தக் குரலில் கதறினேன். "பார்ரா! இப்ப உன் கொரலயே எடுத்துக் காட்டுற. பெரிய ஆளுடா நீ." சைக்கிளில் போய்விடலாம் என்று வாசலுக்கு ஓடினேன். கேட்டுப் பக்கம் கூட்ஸ் வண்டி ஊதியது. நின்றது. திரும்ப ஊதியது. உள்ளே ஓடி வந்தேன். முதலாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். "கரி போட்டுக்கிட்டு இருப்பான்டா. போச்சுடா" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுப்படியிலிருந்து அலமேலு அம்மா கரண்டியோடு வந்தார். மைக்கைப் பிடுங்கினார். பொத்தான் தானாக அழுந்தியது. ஆனால் அவர் சூளையோடு பேசவில்லை. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டே புருஷன் பக்கம் திரும்பிவிட்டார். "ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லத் துப்பில்லாம ஒக்காந்துட்டீங்க! இதுக்கா கண்ட பொட்டியக் கொண்டாந்து என் வூட்ட மீன் மார்க்கெட்டாக்குனீங்க? ஊரு பூரா சோப்புப் பெட்டிய வெச்சிக்கிட்டு சுத்துனீங்க, நாலு பேரு என்னக் கேக்குறாங்க. மூணாஞ் சூளையும் போவட்டும், நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். ராத்திரி இழுத்துக்கிட்டா அந்த அய்யாக்கண்ணு வந்து வெந்நி வெச்சுக் குடுக்கட்டும்!" மூச்சு வாங்க நிறுத்தினார். விரல் மட்டும் பொத்தானை விடவில்லை. முதலாளி எழுந்து நின்று, மைக் பக்கம் லேசாகக் குனிந்து, "அய்யாக்கண்ணு... நிறுத்திடுய்யா..." என்றார். நான் அம்மாவின் விரலைப் பிரித்தேன். பெட்டி உடனே பேசியது. "நிறுத்திட்டேங்க மொதலாளி! அம்மாவ மன்னிச்சிக்கச் சொல்லுங்க. ஓவருங்க."

சூளை ஆறி, வாசல் அடைப்பைப் பிரித்து, முதல் ஜாடியை வெளியே எடுக்கும் வரைக்கும் பேட்டையில் ஒருத்தர் முகத்திலும் ரத்தம் இல்லை. அய்யாக்கண்ணு அண்ணன் விரலால் சுண்டினார். கணீரென்றது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே கணீர். மெட்ராஸ் வியாபாரி லாரி அனுப்பினார். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம் தூங்கவிடவில்லை. முதலாளி கத்தியதை நம்பாதவர், என் சத்தியத்தை நம்பாதவர், கடைசியில் அந்த ஈனக்குரலை எப்படி நம்பினார்? அதைக்கூட நான் எடுத்திருக்க மாட்டேனா? அவர் ஜாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கொரலு எவனுக்கு வேணும்னாலும் வரும்டா. அவ்வளவும் வாங்கிக்கிட்டு ஒரு வார்த்த எதுத்துப் பேசாம அதுக்கப்பறம் வருது பாரு ஒரு கொரலு, அது தாலி கட்டுனவனுக்கு மட்டுந்தான்டா வரும்."

அதனால் இப்போதெல்லாம் வீட்டுக்குப் பேசும் ரேடியோ வேண்டும் என்று யார் எங்கள் கடைக்கு வந்தாலும், எத்தனை மைல் தூரத்துக்குப் பேச வேண்டும் என்று மாமா கேட்பதற்கு முன்னால், வீட்டில் யார் திட்டுவாங்க என்று நான் விசாரித்துவிடுகிறேன்.